திரோலீன்: ஒரு வேலிக் குருவியின் பெயர்

அயர்லாந்தின் முள்வேலிகளில் கூடு கட்டும் ஒரு பழுப்புக் குருவிக்கு ஐரிஷ் மொழியில் திரோலீன் என்று பெயர். ஆங்கிலத்தில் ரென் என்பார்கள். எடை ஏறக்குறைய 10 கிராம். குட்டை வாலைச் செங்குத்தாக நிமிர்த்திக்கொண்டு புதரின் அடியிலேயே திரியும். பாடத் தொடங்கினால் அடுத்த வயல்வரை கேட்கும். இந்தப் பெயருக்குக் கி.பி. 900ஐ ஒட்டிய காலத்தில் ஓர் அரசர் 'ட்ரூயிட் பறவை' என்று பொருள் எழுதினார். ட்ரூயிட் என்போர் கிறித்தவம் வருவதற்கு முன் கெல்டிய மக்களிடையே வேள்வி நடத்தியும் வழக்குத் தீர்த்தும் குறி சொல்லியும் வாழ்ந்த குருமார். அந்த விளக்கம் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக நூலிலிருந்து நூலுக்குத் தாவி வருகிறது. கேட்க அழகாக இருக்கிறது. சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. காரணங்களுக்குப் போகும் முன் இந்தக் குருவியின் கூட்டைப் பார்த்துவிட வேண்டும். பல நாட்டார் இதற்கு வைத்த பெயர்கள் அந்தக் கூட்டையும் அது இருக்கும் இடத்தையும் பார்த்துப் பிறந்தவை.

வசந்தம் தொடங்கியதும் ஆண் குருவி கட்டத் தொடங்குகிறது. ஒரு கூடு அல்ல. ஐந்து, ஆறு, சில வேளை அதற்கும் மேல். ஐவி படர்ந்த மதில், மண் கரையில் வேர் தொங்கும் பொந்து, வைக்கோல் போரின் பக்கம், கொட்டகையில் சுருட்டி மாட்டிய கயிற்றுக்குள், மறந்துபோன மேலங்கியின் பை என்று எங்கு வேண்டுமானாலும் அமையும். கூரையோடு கூடிய உருண்டைக் கூடு. பக்கவாட்டில் ஒரு சிறு வாசல். சருகு இருக்கும் இடத்தில் சருகாலும், பாசி படர்ந்த இடத்தில் பாசியாலும், வைக்கோல் அருகில் காய்ந்த புல்லாலும் கட்டுவதால் இரண்டடி தள்ளி நிற்பவர் கண்ணுக்குக்கூடத் தட்டுப்படாது. பெண் குருவி வந்து ஒவ்வொன்றையும் பார்வையிடும். தேர்ந்தெடுத்த ஒன்றில் மட்டும் இறகுகளை இட்டு மெத்தையாக்கும். மற்றவை உள் மெத்தை இல்லாமல் அப்படியே நிற்கும். ஆங்கிலேயர் அவற்றைச் 'சேவல் கூடு' என்பார்கள். ஓர் ஆண் ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களைத் தன் கூடுகளில் குடியமர்த்துவதும் உண்டு. இந்த வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் கூர்ந்து பார்த்து எழுதியவர் எட்வர்ட் ஆல்வொர்தி ஆர்ம்ஸ்ட்ராங். 1900இல் பெல்ஃபாஸ்டில் பிறந்து கேம்பிரிட்ஜில் திருச்சபைப் பணி செய்தவர். அவருடைய 'தி ரென்' 1955இல் வெளிவந்தது. ஒரு குருவிக்கு இவ்வளவு பொறுமையான நூல் வாய்த்தது பெரும் பேறு.

முட்டைகள் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு. வெள்ளை ஓடு, பருத்த முனையில் செம்பழுப்புப் புள்ளிகள் திரண்டிருக்கும், சிலவற்றில் புள்ளியே இராது. நீளம் 16 மில்லிமீட்டர் சொச்சம். பெண் மட்டுமே அடைகாக்கும். இரண்டு வாரம் கழிந்து குஞ்சு பொரியும், இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆனதும் குஞ்சுகள் வெளியே வரும். அதே கோடையில் இரண்டாம் ஈடும் உண்டு.

இப்படிப்பட்ட விவரங்களை அயர்லாந்துக் கிராமத்துப் பிள்ளைகளே ஏடேடாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1935இல் அமைந்த ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் 1937 முதல் 1939 வரை தொடக்கப் பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலையைக் கொடுத்தது: வீட்டுப் பெரியவர்களையும் அண்டை அயலாரையும் கேட்டு, ஊர் வழக்கங்களை எழுதி வாருங்கள். 5,000 அளவு பள்ளிகள், 50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள். சேர்ந்தவை 7,40,000 பக்கம் அளவுக்கு இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கின்றன. அவற்றில் காட்டுப் பறவைகளைப் பற்றிய பக்கங்கள் ஏராளம். எந்தப் பறவை எங்கே கட்டுகிறது, எதனால் கட்டுகிறது, எத்தனை முட்டை, என்ன நிறம், கூட்டைக் கலைத்தால் என்ன கேடு வரும் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். பாட்டுத் திரஷின் கூட்டு உட்புறம் சேற்றால் மெழுகியிருக்கும், முட்டை வான நீலத்தில் கரும்புள்ளி. கரும்பறவையின் கூட்டில் சேற்றின் மேல் புல் விரித்திருக்கும், முட்டை பச்சை கலந்த நீலம். ராபின் கூட்டில் கை வைத்தால் கைக்குக் கேடு. தகைவிலான் கூட்டை இடித்தால் பசுவின் பாலில் இரத்தம் வரும். வேலியோரம் நடந்து வளர்ந்தவர்களின் அறிவு இது. ஒரு பெயருக்கு உயிர் கொடுப்பவர்கள் இவர்களே என்பது என் நம்பிக்கை. ஏட்டில் பொருள் எழுதுபவர்கள் பின்னால் வருகிறார்கள்.

கூட்டையும் முட்டையையும் குறிக்கும் ஐரிஷ் சொற்களையும் இங்கேயே தொட்டுச் செல்லலாம். கூடு என்பதற்கு 'நியட்'. பழைய ஐரிஷில் 'நெட்'. வேல்ஸ் மொழியில் 'நித்', லத்தீனில் 'நீடுஸ்', ஆங்கிலத்தில் 'நெஸ்ட்', வடமொழியில் 'நீட'. எல்லாம் ஒரே மூலத்துச் சொற்கள். 'கீழே' என்ற பொருளுடைய 'நி'யும், 'உட்கார்' என்ற பொருளுடைய வினையடியும் சேர்ந்து 'அமரும் இடம்' என்றானது. மூலமொழி பேசியவர்கள் வேடரா இடையரா என்பதெல்லாம் ஆராய்ச்சிக்குரியது. அவர்கள் கூட்டைப் பார்த்தபோது கண்ணில் பட்டது உள்ளே அசையாமல் அமர்ந்திருந்த தாய்ப்பறவை என்பது இச்சொல்லிலிருந்து தெரிகிறது. முட்டைக்கு 'உவ்'. அடைகாத்தலுக்கு 'கோர்'. இந்தக் 'கோர்' எனக்கு மிகவும் பிடித்த சொல். பழைய ஐரிஷில் இதற்கு வெப்பம் என்றும் பொருள். கிரேக்கத் 'தெர்மோஸ்' என்ற சொல்லும் இதே வேர். நம் வீட்டுத் தெர்மாமீட்டரும் தெர்மாஸ் குடுவையும் அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. உடம்புச் சூட்டைக் கொடுப்பதே அடைகாத்தல் என்று அந்த மொழி நேராகச் சொல்லிவிட்டது.

ரென் குருவிக்கு மற்ற நாட்டார் என்ன பெயர் வைத்தார்கள்? ஸ்வீடன்காரர்கள் 'யார்ட்ஸ்மீக்' என்கிறார்கள்: வேலிக்குள் பதுங்கிச் செல்வது. லின்னேயஸ் 1758இல் தன் பட்டியலில் இதற்கு 'ட்ரோக்ளோடைட்டீஸ்' என்ற அடையைக் கொடுத்தார். பொந்துக்குள் நுழைபவர், குகையில் வாழ்பவர் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். இன்று பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் அதுவேயாகி, 'ட்ரோக்ளோடைட்டீஸ் ட்ரோக்ளோடைட்டீஸ்' என்று குகைவாசியை இருமுறை அழைக்கிறோம். கூரை போட்ட அந்தக் கூட்டின் சிறு வாசலில் குருவி மறைவதைப் பார்த்தவர் வைத்த பெயர் அது.

இன்னொரு கூட்டத்தார் இதை அரசன் என்றார்கள். ஜெர்மானியர்க்கு இது வேலியரசன், டச்சுக்காரர்க்குக் குளிர்கால அரசன், லத்தீனில் சிற்றரசன் என்று பொருள்படும் 'ரெகுலுஸ்'. அரிஸ்டாட்டிலே தம் விலங்கு நூலில், இதை மூத்தோன் என்றும் அரசன் என்றும் அழைப்பதால்தான் கழுகு இதனோடு பகைகொண்டது என்று குறிப்பிடுகிறார். அந்தப் பகையின் கதை ஈசாப்பின் பெயரால் வழங்குவதைப் புளூட்டார்க் அறிந்திருந்தார். பறவைகள் கூடி, எது மிக உயரப் பறக்கிறதோ அதுவே அரசன் என்று முடிவு செய்தன. கழுகு எல்லாவற்றையும் தாண்டி ஏறிக் களைத்தபோது, அதன் இறகுக்குள் ஒளிந்திருந்த ரென் வெளியே வந்து இன்னும் சற்று மேலே பறந்துவிட்டது. அயர்லாந்தில் இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. சினம்கொண்ட கழுகு சிறகால் ஓர் அடி கொடுத்ததாம். அன்றிலிருந்து திரோலீனால் முள்மர உயரத்துக்கு மேல் பறக்க முடியவில்லையாம். கதை சொன்னவர்கள் இந்தப் பறவையின் கூடு எந்த உயரத்தில் இருக்கும் என்பதை நன்றாக அறிந்தவர்கள்.

கழுகின் கூட்டையும் ஐரிஷ் நிலம் பெயரில் காத்து வைத்திருக்கிறது. கார்க் மாவட்டத்தில் நாட் என்ற சிற்றூர். முழுப் பெயர் 'நியட் அன் இயலர்', கழுகின் கூடு. கில்லார்னி ஏரிகளின் அருகே ஒரு மலைக்கும் அதே பொருளில் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் சுட்டும் நஞ்சிட்டும் முட்டை எடுத்தும் அயர்லாந்தில் கழுகுகளை அழித்துவிட்டார்கள். பொன்னிறக் கழுகை 2001இல் டோனகோல் மாவட்டத்தின் கிளென்வே பூங்காவிலும், வெண்வால் கழுகை 2007இல் கில்லார்னியிலும் மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். 2013இல் டெர்க் ஏரிக்கரையில் மவுண்ட்ஷானன் அருகே வெண்வால் கழுகின் குஞ்சுகள் கூட்டைவிட்டுப் பறந்தன. இடைப்பட்ட நூறாண்டும் ஊர்ப்பெயரில் மட்டுமே அந்தக் கூடு இருந்தது.

இப்போது ஐரிஷ் பெயருக்கு வருவோம். பழைய வடிவம் 'திரெயன்'. ஸ்காட்லாந்துக் கேலிக்கில் இது 'திரெயன் டோன்', அதாவது பழுப்புத் திரெயன். மான் தீவின் மொழியிலும் இதே சொல் சிறு ஒலி மாற்றத்தோடு உண்டு. எனவே சொல் பழையது. ஐரிஷ் பேசியவர்கள் கடல் கடந்து போனபோது கூடவே போயிருக்கிறது.

இதற்குப் பொருள் எழுதிய அரசர் கோர்மக் மாக் குலெனான். மன்ஸ்டர் நாட்டின் அரசர், காஷெல் பாறையில் அரியணை, ஆயரும் அவரே. 908இல் பெலக் முக்னா போரில் மாண்டார். அவர் பெயரால் வழங்கும் 'சனஸ் கோர்மக்' ஐரிஷ் மொழியின் மிகப் பழைய சொற்பொருள் தொகுதிகளுள் ஒன்று. ஐரோப்பாவில் லத்தீன் அல்லாத மொழியொன்றின் சொற்களை இவ்வளவு விரிவாக ஆராய்ந்த முயற்சி அந்தக் காலத்தில் அரிது. அதில் திரெயன் என்ற சொல்லைத் 'திரூயி' என்றும் 'ஏன்' என்றும் இரண்டாகப் பிரித்திருக்கிறார். திரூயி என்றால் ட்ரூயிட். ஏன் என்றால் பறவை. ட்ரூயிட் பறவை, அதாவது வருவதுரைக்கும் பறவை.

இந்தப் பிரிப்பு முறை கோர்மக்கின் கண்டுபிடிப்பு அன்று. செவீயா நகரத்து ஆயர் இசிதோர் 636இல் இறந்தவர். அவருடைய சொல்மூல நூலை அயர்லாந்தின் மடங்கள் விரும்பிப் படித்தன. லத்தீனில் பறவைக்கு 'ஆவிஸ்' என்று பெயர் வந்தது, அதற்கு 'வியா' என்னும் வழி கிடையாது என்பதால்தான் என்பார் இசிதோர். வானில் பாதை இல்லை, ஆகவே வழியிலி. பொருளின் இயல்பு பெயருக்குள் மறைந்திருக்கிறது, பெயரை உடைத்தால் அது வெளிப்படும் என்பது அவர்கள் உறுதியாகக் கொண்ட கொள்கை. அந்தக் கொள்கையை நான் குறைவாக மதிக்கவில்லை. ஒரு சொல்லின் முன் இவ்வளவு நம்பிக்கையோடு உட்கார்ந்தவர்கள் பலர் இல்லை. ஆனால் ஒலி வரலாறு என்ற ஒன்று அவர்கள் கையில் இல்லை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைத்த கருவி.

அந்தக் கருவியைக் கொண்டு பார்த்தால் கோர்மக்கின் பிரிப்பு நிற்காது. ட்ரூயிட் என்ற சொல்லின் மூல வடிவம் 'த்ரு-வித்'. பின்பாதி 'அறி' என்ற பொருளுடைய அடி. வடமொழி 'வேதம்' அதே வேரில் பிறந்தது. முன்பாதி மரத்தை, குறிப்பாக ஓக் மரத்தைக் குறிப்பதாகவும், 'உறுதி' என்பதாகவும் இருவகையாகச் சொல்வார்கள். ஓக் மரத் தொடர்பை உரோம எழுத்தாளர் பிளினி அன்றே சுட்டியிருக்கிறார். எப்படிக் கொண்டாலும் அதில் உகரம் இருக்கிறது. பழைய ஐரிஷில் இந்தச் சொல்லிலிருந்து பிறந்தவற்றில் அந்த உகரம் விடாமல் தொடர்கிறது. திரெயனில் இருப்பதோ எகரம். உகரம் ஏன் எகரமானது என்பதற்கு விதி கிடைக்கவில்லை.

எகரத்துக்கு வேறு வழியில் நல்ல விளக்கம் உண்டு. பழைய ஐரிஷில் அடுத்த அசையில் அகரமோ ஒகரமோ வந்தால் முன்னிருக்கும் இகரம் எகரமாக இறங்கும். ஆண் என்பதற்கு ஐரிஷ் 'ஃபெர்'. அதன் மூலம் 'விரோஸ்'. லத்தீன் 'விர்', வடமொழி 'வீர' இரண்டும் அதன் உறவு. நாம் வீரன் என்று சொல்லும்போது கேட்கும் இகர ஒலி ஐரிஷில் எகரமாகிவிட்டது. அதே வழியில் 'த்ரிவ்' போன்ற ஓர் அடியிலிருந்து 'திரெ' எளிதாக வரும். இறுதியில் இருப்பது பறவையைக் குறிக்கும் 'ஏன்' அன்று, சிறுமைப்பொருள் விகுதியாகிய 'ஆன்' என்று கொள்வதே பொருத்தம். ஐரிஷ் ஆட்பெயர்களில் இதை நிறையக் காணலாம்: கியரான் என்றால் கருநிறத்துச் சிறுவன், ரோனான் என்றால் குட்டிக் கடல்நாய், அதாவது சீல்.

இங்கே வேல்ஸ் மொழி குறுக்கே வந்து நிற்கிறது. அங்கே 'திரியு' என்ற ஒரே சொல் ரென் குருவியையும் குறிக்கும், ட்ரூயிட்டையும் குறிக்கும். கோர்மக் கட்சியினரின் வலுவான சான்று இது. இதைத் தள்ளிவிட்டுப் போவது நேர்மையாகாது. ஆனால் இரண்டு வேறு சொற்கள் தேய்ந்து தேய்ந்து ஒரே ஒலியில் வந்து முட்டுவது எந்த மொழியிலும் நடப்பது. 'த்ருவித்' என்பதும் 'த்ரிவ்' என்பதும் வேல்ஸ் மொழியின் ஒலிமாற்றங்களில் ஒரே இடத்துக்கு வர இடமுண்டு. ஐரிஷில் அவை வரவில்லை; திரூயி ஒருபுறம், திரெயன் ஒருபுறம் என்று பிரிந்தே நின்றன. இரண்டு உடன்பிறப்பு மொழிகளில் ஒன்று வேறுபாட்டைக் காத்து, மற்றொன்று இழந்திருந்தால், காத்த மொழியின் சொல்லையே நான் நம்புவேன். வேல்ஸ்காரர்களுக்கு அந்த ஒலி ஒற்றுமை கிடைத்த பிறகு, குருவியின் மேல் குருவின் சாயல் படிந்தது இயல்புதான்.

குருவி குறி சொல்லும் என்ற நம்பிக்கை உண்மையிலேயே இருந்தது. அதில் ஐயமில்லை. காக்கை இனத்து ரேவனின் குரலையும் ரென்னின் குரலையும் வைத்துப் புள் நிமித்தம் பார்க்கும் ஓர் இடைக்கால ஐரிஷ் ஏட்டை ஆர். ஐ. பெஸ்ட் 1916இல் 'ஏரியு' ஆய்விதழில் பதிப்பித்தார். எந்தத் திசையிலிருந்து கூவுகிறது, உனக்கு முன்னாலா பின்னாலா, இடக் காதுப் பக்கமா என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். கிழக்கிலிருந்து ரென் கூவினால் புலவர்கள் உன் வீடு தேடி வருகிறார்கள், அல்லது அவர்களிடமிருந்து செய்தி வருகிறது. சில பலன்கள் மரணம் என்ற அளவுக்குக் கடுமையானவை. புனித மோலிங்கின் லத்தீன் வரலாற்றிலும் இந்தக் குருவி 'பறவைகளின் மாகுஸ்' என்ற பெயரோடு வருகிறது. அயர்லாந்தின் லத்தீன் நூல்களில் மாகுஸ் என்றால் ட்ரூயிட் என்றே பொருள்.

இவற்றைக் கோர்மக்குக்குத் துணைச்சான்றாக அடுக்குவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெஸ்ட் பதிப்பித்த ஏட்டில் முதலிடம் ரேவனுக்கு. அதன் குரலுக்கும் அதே போலப் பலன் எழுதியிருக்கிறது. ஆயினும் ரேவனின் பெயரில் ட்ரூயிட் எங்கும் இல்லை. குறி சொல்வதற்காகப் பெயர் மாற வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மோலிங் வரலாற்றின் 'பறவைகளின் மாகுஸ்' என்ற தொடரோ, திரூயி-ஏன் என்ற பிரிப்பை லத்தீனில் சொன்னது போலவே இருக்கிறது. ஒரே விளக்கம் இரண்டு மொழியில் எழுதப்பட்டால் அது இரண்டு சாட்சி ஆகாது. நடந்திருக்கக்கூடியது இது: நிமித்தம் முதலில் இருந்தது, பெயர் தனியே இருந்தது, கல்வியுடைய ஒருவர் பெயரைப் பிரித்து நிமித்தத்தை அதற்குள் கண்டார்.

ஏட்டில் கண்ட பொருள் ஏட்டோடு நின்றிருந்தால் கேடில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அது வரலாறாக வேடம் பூண்டது. டிசம்பர் 26, புனித ஸ்தேவான் திருநாள். அயர்லாந்தில் அதற்கு 'லா அன் திரோலீன்' என்றும் பெயர்: திரோலீன் நாள். முன்பு அன்று இளைஞர்களும் சிறுவர்களும் தடியோடு வேலி வேலியாக அடித்து ரென்னை விரட்டிக் கொல்வார்கள். அதை ஹாலி மரக் கிளையில் கட்டி நாடா சுற்றி, வீடு வீடாகப் பாடிச் சென்று, அரசனை அடக்கம் செய்யக் காசு கேட்பார்கள். ஆண்டு முழுதும் அஞ்சத் தக்க பறவை, ஒரே ஒரு நாள் வேட்டைப் பறவை. ஐரோப்பாவின் பல பகுதிகளில் இதன் கூட்டைக் கலைத்த கைக்குத் தீங்கு வரும் என்ற அச்சம் இருந்ததோடு சேர்த்துப் பார்த்தால், இந்தக் கொலையின் விந்தை புரியும்.

ஏன் கொன்றார்கள் என்பதற்கு மக்கள் சொன்ன காரணங்கள் பல. ஒளிந்திருந்த ஸ்தேவானைச் சலசலத்துக் காட்டிக்கொடுத்தது என்பார்கள். எதிரியின் பாசறையை ஐரிஷ் படை இரவில் நெருங்கியபோது முரசின் மேல் அமர்ந்து கொத்தி எழுப்பிவிட்டது என்பார்கள். டோனகோல் பக்கத்துக்குரிய இப்படியொரு கதையைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஜான் ஆப்ரி எழுதி வைத்திருக்கிறார். இவை கதைகள் என்பது சொல்பவர்க்கும் கேட்பவர்க்கும் தெரியும். சார்லஸ் வாலன்ஸி சொன்னது வேறு வகை. படைப் பொறியாளராக அயர்லாந்துக்கு வந்து, ஐரிஷ் மொழியைப் பினீசியரோடு இணைத்துப் பல தொகுதிகள் எழுதியவர் அவர். ட்ரூயிட்கள் இந்தப் பறவையைப் போற்றினார்கள், அது பிடிக்காத முதல் கிறித்தவப் போதகர்கள் கொல்லச் சொன்னார்கள், அந்த ஆணையே வேட்டையாக இன்றும் தொடர்கிறது என்று எழுதினார். அப்படியோர் ஆணை எந்தப் பழைய ஏட்டிலும் காட்டப்படவில்லை. கோர்மக்கின் இரண்டு சொல் விளக்கத்தின் மேல் கட்டிய மாடி அது. இன்றும் திருநாள் நெருங்கும்போதெல்லாம் அந்த மாடியிலிருந்தே பலர் பேசுகிறார்கள். சொற்பிரிப்பு ஒன்று, நடந்ததாகத் தெரியாத ஒரு மதப் பகையை மக்கள் நினைவில் ஏற்றிவிட்டதே என்பதுதான் எனக்கு வருத்தம்.

நல்ல வேளையாக வேட்டை நின்றுவிட்டது. டிங்கில் நகரத்தில் இன்றும் வைக்கோல் உடை அணிந்து, முரசும் குழலும் முழங்க லா அன் திரோலீன் கொண்டாடுகிறார்கள். கிளையில் உயிரற்ற பொம்மைக் குருவி. 1976ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் காட்டுப் பறவைகளோடு கூட்டையும் முட்டையையும் காக்கிறது. அதே சட்டத்தின்படி மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலிகளை வெட்டுவதற்கும் தடை, விதிவிலக்குகள் உண்டு. வேலியே கூடு என்ற உண்மையைச் சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் இது. கொட்டகையில் மாட்டிய மேலங்கிப் பை எப்போதாவது வாய்க்கும். முள்வேலியும் ஐவி மதிலும் போனால் திரோலீனுக்கு அங்கே பெரிதாக எதுவும் மிஞ்சாது.

பெயரின் கடைசிக் கட்டத்துக்கு வருகிறேன். பழைய திரெயன் இன்று பேச்சில் திரோலீன். இந்த வடிவத்தில் ட்ரூயிட்டைத் தேடுபவர்க்கு ஒரு நூலிழைகூடக் கிடைக்காது. 'ஈன்' என்ற இறுதி, ஐரிஷில் எதையும் சின்னதாக்கிச் செல்லமாக்கும் விகுதி. பெண்பிள்ளை 'காலீன்', சிறு சந்து 'போரீன்'. லேப்விங் என்ற ஆட்காட்டி இனத்துப் பறவை 'பிலிபீன்', குட்டி பிலிப். அது வெறும் தரைக் குழியில் நான்கு முட்டை இடும். விகுதியை எடுத்துவிட்டால் எஞ்சும் 'திரோல்' என்பதோடு 'ஆன்' சேர்ந்த திரோலான் என்ற வடிவமும் அகராதிகளில் உண்டு. அதற்கு ரென் குருவி என்றும் பொருள், சோப்ளாங்கி, ஒன்றுக்கும் உதவாதவன் என்றும் பொருள். சிறுமையே அந்தப் பெயரின் உள்ளீடாக மக்கள் காதில் ஒலித்தது.

ஐரிஷ் மொழி கூட்டின் இடத்தை வைத்துப் பெயரிடத் தெரியாத மொழியும் அன்று. வீட்டுச் சுவரின் முகட்டடியில் சேற்றுக் கூடு ஒட்டும் தகைவிலானுக்கு முகட்டைச் சேர்த்தும், மணற்கரையில் பொந்து குடையும் தகைவிலானுக்கு மணலைச் சேர்த்தும் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் முதற்சொல் 'கவ்லான்', பிளவுபட்ட வாலைக் குறிப்பது. இவ்வளவு நுட்பமாகக் கூடு பார்த்த மக்கள், உலகத்தார் குகைவாசி என்றழைத்த பறவையைக் கூட்டை வைத்து அழைக்கவில்லை. அரசன் என்ற கதையை நன்றாக அறிந்திருந்தும் அன்றாடப் பேச்சில் அரசன் என்றும் அழைக்கவில்லை. பழம் பெயரை எடுத்து, அதன் மேல் சிறுமை விகுதியைச் சேர்த்து, கூப்பிட்டார்கள்.

அந்தப் பெயர் மக்கள் வாயில் என்ன பொருள் கொண்டிருந்தது என்பதற்கு இன்னொரு சாட்சி வெட்டுக்கிளி. ஐரிஷில் அதற்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று 'திரோலீன் ட்யஸ்பி'. ட்யஸ்பி என்பது புழுக்கமான கோடை வெப்பத்தையும், அந்த வெப்பத்தில் உடம்பில் ஏறும் துள்ளலையும் சேர்த்துச் சொல்லும் சொல். ஆக, வெயில் காலத்துத் திரோலீன். புல்லுக்குள் மறைந்திருப்பது, கண்ணுக்குச் சிக்காமல் இடம் மாறுவது, தன் அளவுக்கு மிஞ்சிய ஓசை எழுப்புவது ஆகியவற்றைக் கண்டு குருவியின் பெயரைப் பூச்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள். வெட்டுக்கிளிக்கு ட்ரூயிட்டோடு எந்த உறவும் இல்லை. அது யாருக்கும் வருவதுரைக்கவும் இல்லை. திரோலீன் என்ற ஒலியில் பேசுபவர்கள் குருவையோ குறியையோ கேட்டிருந்தால் இந்தத் தொடர் பிறந்திருக்காது.